பவுனுத்தாயியின் வாயில் நான் கட்டிய யானை

போடியில் ஏலக்காய் ஏலக் கூடத்தின் மின்னணு மெஷின்களைப் பராமரித்து ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தில் சொல்லிக்கொள்ளும்படி தவறு எதுவும் செய்யவில்லை. அதை ஓய்வுக்குப் பிறகு செய்தேன். டெக்னீஷியன் வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

1. பேசும் பை

ஷமீமா இங்கே ஓர் ஏலக்காய் வியாபாரியின் மகள். வெளியூரில் ஓவியக் கல்லூரி முடித்துத் திரும்பியிருந்தாள். காய் சேர்த்து வைக்கும் அவளுடைய அத்தாவின் பழைய ஸ்டோர் சீசன் தொடங்கும்வரை காலியாகக் கிடந்தது. அங்கே ஒரு கண்காட்சி வைக்கப் போவதாகச் சொல்லி என்னிடம் வந்தாள்.

"சார், மலைக்கு வேலைக்குப் போறவங்க கனவையெல்லாம் வாங்கி சாம்பிள் பையில போட்டு வைக்கணும். பையத் தொறந்தா கனவு பேசணும். முடியுமா?"

"முடியும்மா. ஆனா காய்க்குப் பாக்குற மாதிரி கனவுக்கு ஈரப்பதம் எவ்வளவுன்னு யாரு பாக்குறது?"

அவள் சிரிக்கவில்லை. அதனால் வேலையை ஒப்புக்கொண்டேன்.

ஏலத்தில் வியாபாரிகளுக்குக் காய் மாதிரி காட்டும் பைகளைப் போல, சாக்குத் துணியில் கைக்கடக்கமான சுருக்குப் பைகள் தைத்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி ஏலக்காய், ஒரு சிறிய ஸ்பீக்கர், மெமரி கார்டு, ஒரு லைட் சென்சார். பையைத் திறந்தால் வெளிச்சம் பட்டுக் குரல் வரும், மூடினால் நிற்கும். காயின் வாசனையோடு கனவைக் கேட்க வேண்டும் என்பது ஷமீமாவின் எண்ணம். அவளுடைய அத்தா வந்து பார்த்தார்.

"இந்தப் பிள்ளைக்கு நீங்களாச்சும் புத்தி சொல்வீங்கன்னு பாத்தா, நீங்களும் ஒயரச் சுத்திக்கிட்டு உக்காந்திருக்கீங்களே சார்" என்றார்.

2. ஜீப் ஸ்டாண்டில்

காலையில் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப் போடிமெட்டுக்குப் போகும் ஜீப்புகள் நிற்குமிடத்தில் ரெக்கார்டரோடு நின்றேன். பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டு கேலி செய்தார்கள்.

"படுத்தா பொணம், எந்திரிச்சா ஜீப்பு. இதுல கனவு எங்கிட்டு சார் வரும்?"

பிறகு ஒவ்வொருவராகத் தனியே வந்து சொன்னார்கள். கடைசியாக வந்தவள் பவுனுத்தாயி. அவளுடைய கணவன் முருகேசன்தான் அவள் வேலைக்குப் போகும் ஜீப்பின் டிரைவர். அவள் முதலில் ஒரு சந்தேகம் கேட்டாள்.

"எம் வீட்டுக்காரரும் வந்து கேக்கலாமா சார்?"

"கேக்கலாம்."

"அவரு முன்னால நான் பேச வேணாம்ல? பைதான பேசும்?"

"பைதான் பேசும்."

"அப்பச் சரி."

அவள் கண்ட கனவில் ஜீப்பை அவளே ஓட்டுகிறாள். முருகேசன் பின்னால் வருகிறான். வளைவுகளில் ஏறி மெட்டுக்குப் போகிறாள். கேட்டு நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதீக சார். நெசமாவே ஓட்டணும். வாயத் தொறந்தா 'பேசாம உக்காரு'ங்கிறாரு. ஊரே கூடி நிக்கையில பை சொன்னா என்ன சொல்லுவாரு, பாப்போம்" என்றாள்.

3. கார்டு அழிந்தது

கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டதாக நினைத்துக் கார்டை ஃபார்மட் செய்தேன். எல்லாம் ஏறியிருந்தது, பவுனுத்தாயி தவிர. அவள் பதிவில் முன்பகுதி மட்டும் மிஞ்சியது. தன் பெயரையும் வேலையையும் சொல்லிவிட்டு, ரெக்கார்டர் ஓடுகிறதா என்று என்னை விசாரிக்கும் பகுதி.

மறுநாள் ஸ்டாண்டுக்குப் போய், "அழிஞ்சிருச்சு ஆத்தா, இன்னொரு தடவ சொல்லு" என்றிருந்தால் முடிந்திருக்கும். எத்தனையோ மெஷின் பார்த்தவன், ஒரு கார்டைப் பாழாக்கினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. போதாதற்குக் கல்லூரி நாளில் ஆண்டு மலரில் கவிதை எழுதியவன். கையும் அரித்தது.

கொஞ்சம் குரல் கொடுத்தால், அதே குரலில் எதை வேண்டுமானாலும் பேசும் மென்பொருள் ஒன்று இப்போது இருக்கிறது. மிஞ்சிய பகுதியை அதற்குக் கொடுத்தேன். கனவை நான் எழுதினேன். குரங்கணி ஓடையில் ஒரு வெள்ளை யானை இறங்குகிறது. தந்தங்களில் ஏலப்பூ பூத்திருக்கிறது. அதைப் பார்த்து, 'என்னை ஏன் மறந்தாய்?' என்று அவள் கேட்கிறாள்.

ஷமீமா கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சார், இதத்தான் நடுவுல வைக்கிறேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் அந்தப் பைக்குப் பெரிய ஸ்பீக்கராக மாற்றிக் கொடுத்தேன்.

4. திறப்பு நாள்

மகள் மேல் என்னதான் குறை சொன்னாலும், ஷமீமாவின் அத்தா வியாபாரிகள் அத்தனை பேரையும் அழைத்திருந்தார். நான் யோசித்திருக்க வேண்டிய இடம் இது. ஏலக் கூடத்தில் சாம்பிள் கைக்கு வந்தால் வியாபாரி திறப்பார், நசுக்கி முகர்ந்து பார்ப்பார், ரேட்டை மெஷினில் அடிப்பார், பையைத் தரையில் எறிந்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டுவார். மதியத்துக்குள் தரை பச்சையாகிவிடும். என் பணிக்காலம் முழுக்க அந்தக் காயை மிதித்துத்தான் நடந்தேன். ஆனாலும் ஷமீமாவிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை.

முதல் வியாபாரி பையைத் திறந்தார். ஒரு பெண் தன் கனவைச் சொல்லத் தொடங்கினாள். அவர் காயை முகர்ந்து, "நல்ல கலரு" என்று சொல்லிப் பையை எறிந்தார். அடுத்தவரும் எறிந்தார். திறந்த வாயோடு விழுந்த பைகள் வெளிச்சத்தில் நிற்காமல் பேசின. கொஞ்ச நேரத்தில் ஸ்டோர் தரையிலிருந்து கனவுகளெல்லாம் ஒன்றாகக் கத்தின. ஒருத்தி கிணற்றுக்குள் ரயில் ஏறினாள். ஒருத்தி செத்துப்போன மாமியாருக்குச் சடை பின்னினாள்.

நான் பொறுக்கக் குனிந்தேன். ஷமீமா என் கையைப் பிடித்தாள்.

"எடுக்காதீங்க சார். இப்பத்தான் நல்லாருக்கு."

அந்த நேரம் பவுனுத்தாயி முருகேசனை இழுத்துக்கொண்டு வந்தாள். புதுச் சேலை. தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பையாகக் காதில் வைத்துப் பார்த்தாள். நடுவில் கிடந்த பையில் அவள் பெயரும் அவள் குரலும் இருந்தன. முருகேசன் முழுவதும் கேட்டான்.

"ஆனையா? இதக் கேக்கத்தான் சவாரிய விட்டுட்டு வெரசா வான்னு இழுத்துட்டு வந்தியா?"

பவுனுத்தாயி எழுந்து என்னைப் பார்த்தாள். "எவன் சார் என் வாயில ஆனையக் கொண்டாந்து கட்டுனது?"

எல்லோர் முன்னாலும் சொன்னேன். கார்டை அழித்தது, மறைத்தது, அவளைக் கேட்காமல் அவள் குரலை எடுத்தது. ஷமீமா கோபப்படவில்லை. "நடுவுல வச்சேனே சார்" என்று மட்டும் சொன்னாள். அதற்குக் கோபமே பட்டிருக்கலாம்.

5. திருத்தம்

பவுனுத்தாயி பார்த்துக்கொண்டிருக்க அந்தக் கார்டை ஃபார்மட் செய்தேன், இந்த முறை தெரிந்தே. ரெக்கார்டரை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"பைதான் பேசும்னு சொன்னீகள்ல. பைக்கு இப்ப நீங்கதான் பேசணும்."

நான் பேசினேன். என் கிழட்டுக் குரலில், "எம் பேரு பவுனுத்தாயி" என்று தொடங்கியதும் வியாபாரிகள் தோள் குலுங்கச் சிரித்தார்கள். நினைவில் இருந்ததைச் சொன்னேன்.

"ஜீப்ப நாந்தான் ஓட்டுறேன். கொண்டை ஊசி வளைவுல நாலாவது கியர் போட்டேன்..."

"நாலா?" என்றாள் பின்னாலிருந்து. "வண்டி அங்கனயே மூச்ச விட்டுரும். ரெண்டு."

முருகேசன் தலையைத் திருப்பினான்.

"என் வீட்டுக்காரர் பின்னால மூட்டை மேல உக்காந்து வர்றாரு..."

"மூட்ட மேல எங்கிட்டு எடம்? கம்பியப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு வந்தாரு."

"கியரு கணக்கு ஒனக்கு எப்டிடீ தெரியும்?" என்றான் முருகேசன்.

"நெதம் அந்தக் கியர் கம்பி என் முழங்கால இடிச்சுக்கிட்டுத்தான வருது. காலுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதா?"

அவன் குனிந்து அவள் முழங்காலைப் பார்த்தான். பிறகு கேட்டான்: "மெட்டுல டீக்கு என்னைய எறக்கி விட்டியா?"

"அதுக்குள்ள முழிச்சுட்டேன்."

ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்ததால் இது முழுவதும் பதிவானது. கார்டைப் பையில் போட்டுக் கொடுத்தேன். முருகேசன் சுருக்கை இழுத்துக் கட்டிச் சட்டைப் பையில் வைத்தான்.

"சாம்பிள வீட்டுக்குக் கொண்டுபோறவன இப்பத்தான்டா பாக்குறேன்" என்றார் ஒரு வியாபாரி.

"வண்டில தொங்க விட்டுக் கேக்கணும்ணே" என்றான்.

இளைஞர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. வேலையில் ஒன்று தொலைந்தால் தொலைந்தது என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஓட்டையை அடைக்க யானையைக் கொண்டு வராதீர்கள். அது அழகாகவும் இருந்துவிட்டால் பிறகு வெளியேற்றுவது பெரும்பாடு.

போன வாரம் மலையடிவாரத்தில் அந்த ஜீப்பைப் பார்த்தேன். லோடு இல்லை. முன்னால் சிவப்பில் 'எல்' எழுதிய அட்டை. முருகேசன் இடது சீட்டில் முழங்காலை ஒடுக்கி, இரண்டு கையாலும் முன்னாலிருந்த பிடிக் கம்பியைப் பிடித்திருந்தான். எனக்கு வணக்கம் வைக்க அவனிடம் கை இல்லை. பவுனுத்தாயி என்னைக் கண்டுகொள்ளவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓரமாக ஒதுங்கி வழி விட்டேன்.