டெனபிள் இல்லாத உத்தியோகம்

கோவிலில் எங்கள் கல்யாணத்தைச் சபைக்கு அறிவிக்கும் முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, முன்வரிசையில் இருந்த என் தலைமையாசிரியை திரும்பி என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அதை வாழ்த்து என்று நம்பித் தொலைத்தேன். மறுநாள் காலையிலேயே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

"கன்கிராஜுலேஷன்ஸ்மா. ஆனா கல்யாணத்துக்கு அப்புறம் இங்க உன் பொசிஷன் டெனபிள் இல்ல, நிக்காது. ராஜினாமா எழுதிக் குடுத்துடு."

கல்யாணமான டீச்சரை வைத்துக்கொள்வதில்லை என்பது எங்கள் பள்ளியின் வழக்கம். எங்கும் எழுதி வைக்காத வழக்கம். எனக்கு முன்னால் கணக்கு டீச்சர் அதற்குப் பலியாகி அழுதுகொண்டே கேட்டைத் தாண்டிப் போனதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை, வயிறுதான் எரிந்தது. அப்பா இல்லாத வீடு. ஆஸ்டின் டவுனில் அம்மாவும் தம்பிகளும் என் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள். என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் அடுகோடிப் பட்டறையில் மெக்கானிக். அவர் வீட்டிலும் வாய்கள் அதிகம். தலைமையாசிரியையிடம் கல்யாணம் வரைக்கும் அவகாசம் கேட்டேன். கொடுத்தார், பெரிய மனசு.

"சும்னே வுடும்மா. கர்த்தர் பாத்துப்பாரு," என்றாள் அம்மா.

கர்த்தருக்கு ஆயிரம் வேலை. நானே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். எனக்குக் கிடைத்த புல் தலைமையாசிரியையே வளர்த்தது. வாரத்துக்கு ஓர் ஆங்கிலச் சொல்லும் அதற்கு நிகரான சொற்களும் சொல்லிக் கொடுப்போம். ஒவ்வொரு பெண்ணும் அவற்றில் ஒன்றை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். புத்தக வாக்கியம் கூடாது, கண்ணால் கண்டதைச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பான உத்தரவு. இன்ஸ்பெக்ஷனுக்கு வரும் துரையிடம் இதைக் காட்டித்தான் வருஷா வருஷம் பெயர் வாங்குவார். அந்த வருஷம் இன்ஸ்பெக்ஷன் எங்கள் இரண்டாவது ஓலைக்கு மறுநாள் வந்தது. அந்த வாரச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையது. கரும்பலகையில் 'டெனபிள்' என்று பெரிதாக எழுதினேன்.

அந்தப் பாடத்தை நடத்தியதுபோல் வேறு எதையும் நான் நடத்தியதில்லை. எவ்வளவு எதிர்த்துப் பேசினாலும் விழாமல் நிற்கும் கருத்து டெனபிள். ஒரு செயலுக்கு நியாயம் காட்ட முடிந்தால் ஜஸ்டிஃபையபிள். கோபத்தைக்கூட அப்படிச் சொல்லலாம். தாக்கினால் காத்துக்கொள்ளக்கூடியது டிஃபென்சிபிள், அது கோட்டைக்கும் பொருந்தும், கொள்கைக்கும் பொருந்தும். ரீசனபிள் சாதுவான சொல், கேட்பவர் தலையாட்டினால் போதும். பெண்கள் உதாரணம் கேட்டார்கள். ஒரு பள்ளிக்கூடம், ஒரு டீச்சர், ஒரு கல்யாணம் என்று ஆரம்பித்தேன். எல்லாச் சொல்லுக்கும் அதே உதாரணம்தான். வேண்டுமென்றேதான் சொன்னேன். அவர்களும் கோவிலில் ஓலை கேட்டவர்கள்தானே, யாரைப் பற்றிய பேச்சு என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

இன்ஸ்பெக்ஷன் அன்று தலைமையாசிரியை பட்டுப்புடவையில் துரைக்குப் பக்கத்தில் நின்றார். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். எங்கள் பள்ளியில் கல்யாணமான டீச்சரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், இந்த வழக்கம் டெனபிள் அல்ல என்று பிசிறில்லாத ஆங்கிலத்தில் சொன்னாள். அடுத்தவள் அது டிஃபென்சிபிளும் அல்ல என்றாள். இன்னொருத்தி, அந்த டீச்சரின் கோபம் ஜஸ்டிஃபையபிள் என்றாள். தலைமையாசிரியை முகத்தில் ஈயாடவில்லை. நான் ஆசை தீரப் பார்த்தேன்.

துரை சிரிக்கவில்லை. அரசாங்க மானியம் வாங்கும் பள்ளியில் இப்படி ஒரு விதி உண்டா என்று அவரிடமே கேட்டார். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, வெறும் உதாரண வாக்கியம் என்றார் தலைமையாசிரியை. வகுப்பு முழுவதும் கேட்டது. அதைச் சொன்ன வாயால் இனி என்னைப் போகச் சொல்ல முடியாது.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். "இப்ப திருப்தியா?"

"இன்னும் இல்ல மிஸ்."

உண்மையைத்தான் சொன்னேன். வேலை மிஞ்சியது, வெறி அடங்கவில்லை. எங்கள் கோவிலில் தாலி கட்டியதும் மணமக்களோடு இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பெண் வீட்டுச் சாட்சியாக மாமா போடுவதாக இருந்தது. கல்யாணத்தன்று, போதகர் பேனாவை நீட்டும்போது, "எங்க மிஸ் போடட்டும்" என்றேன். சபையே திரும்பிப் பார்த்தது, அவர் எப்படி மறுப்பார்? மேசைக்கு வரும் வழியில் கணக்கு டீச்சரைக் கைக்குழந்தையோடு உட்கார வைத்திருந்தேன். தலைமையாசிரியை அவரைத் தாண்டி வந்து, குனிந்து, எனக்குக் கல்யாணம் ஆனதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

நிமிர்ந்தபோது கண்கள் சிவந்திருந்தன. "ஒரு மாசம் லீவு எடுத்துக்கோம்மா," என்றார் தணிந்த குரலில்.

"வேணாம் மிஸ். நாளைக்கே வர்றேன்."

மறுநாள் தாலியைப் புடவைக்கு வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு அவர் அறை வாசலில் நின்று குட்மார்னிங் சொன்னேன். அவர் பதில் சொல்லும்வரை நகரவில்லை.