கோமதி கேட்ட சாவி

கோமதி போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் மாட்டுங்கா ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தேன். அவள் தம்பிதான் போன் செய்தான். "அக்கா போயிட்டா. வெறும் காய்ச்சல்னுதான் ஆஸ்பத்திரியில சேத்தோம்" என்றான். வந்த வண்டியில் ஏறத் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் அலுவலகத்திலிருந்து எங்கள் எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பராமரிப்பு வேலை, பொறுப்பாளர் கோமதி என்று அதில் இருந்தது.

எங்களுடையது டேட்டா சென்டர். வங்கி, ஆஸ்பத்திரி என்று யார் யாருடைய கம்ப்யூட்டர்களோ எங்கள் கூடத்தில் ஓடுகின்றன. எந்த மெஷின் எந்த ரேக்கில் இருக்கிறது, அதற்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது, எது நின்றால் எதெல்லாம் நிற்கும் என்று பதிந்து வைப்பது எனக்கும் கோமதிக்கும் வேலை. நான் திரையைப் பார்த்துச் சரி போடுகிறவள். அவள் ரேக்குக்குப் பின்னால் போய், வயரைக் கையால் பிடித்துக்கொண்டு அது முடிகிற இடம்வரைக்கும் நடப்பாள். அவளுக்காகக் காத்திருந்து நான் குடித்த ஆறிப்போன டீக்குக் கணக்கில்லை. "எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதுமாட்டி? யாரை நம்பி நிக்கின்னு தெரியாண்டாமா?" என்பாள்.

இந்தப் பயம் அவளுக்குப் படிப்பில் வந்ததில்லை. தாராவியில் அவர்கள் சந்தில் ஒருமுறை தீப்பிடித்தது. "மூணு வீட்டுக்கும் மூணு மீட்டரு. பின்னால ஒரே வயருதான். எரிஞ்ச பொறவுதான் எங்களுக்கே தெரிஞ்சிச்சி" என்று சொல்லியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் அதில் இறந்துபோனார். அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி மெஷின்கள் இருக்கும் வரிசையில்தான் அவள் நின்றுவிட்டாள். எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு வயர் ஒன்று, நீல வயர் ஒன்று. ஒன்று போனாலும் மற்றது தாங்க வேண்டும். ஆனால் இரண்டும் தரைக்கடியில் ஓடி ஒரே சுவருக்குள் நுழைகின்றன. அந்தப் பக்கத்து அறை கட்டட உரிமையாளருடையது, எப்போதும் பூட்டியிருக்கும். அந்தச் சாவியை அவள் கேட்காத ஆள் இல்லை. வரைபடத்தில் இரண்டு வழி இருக்கிறதே, பிறகென்ன என்றார் செம்பூர்க்காரரான எங்கள் மேனேஜர். "வரைஞ்சவங்க உள்ள போய்ப் பாத்தாங்களா சார்?" என்று கேட்டாள். எங்கள் பதிவில் 'சரிபார்த்தாயிற்றா' என்ற கட்டத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதினாள். அவர் அழிக்கச் சொன்னார். அவள் அழிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அன்று அவள்மேல் எரிச்சல்தான் வந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் பொறுப்பாளர் என்று அவள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். இரங்கல் கூட்டம் முடிந்த கையோடு மேனேஜர் என்னிடம் வந்தார். "ஞாயித்துக்கிழமை சிவப்பு லைனை ஆஃப் பண்றோம். அந்த ஒரு கட்டத்த மட்டும் சரின்னு போட்டுடுங்கோ" என்றார். நான் கூடத்துக்குள் போய், அந்தச் சுவரடியில் குனிந்து கை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது.

கோமதியிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது அவள் எழுதிய அந்த ஒரு சொல்தான். அதை நானும் மாற்றவில்லை. ஆனால் அதற்காக வேலை ஒன்றும் நிற்கவில்லை, தேதி அப்படியேதான் இருக்கிறது. சுவருக்குப் பின்னால் இரண்டும் ஒன்றாக இருந்தால், அன்று யாருக்கு எந்த மருந்து என்று தெரியாமல் அந்த ஆஸ்பத்திரி இருட்டில் தடவும். கூட்டத்தில் அவளுக்காக அழுதவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த அறையின் சாவி உங்களில் யாரிடமாவது இருந்தால், ஞாயிற்றுக்கிழமைக்குள் என்னிடம் கொடுத்துவிடுங்கள்.