அத்தை உட்கார்ந்தால் நேராக ஓடிய கார்

விரலால் சுண்டினால் "டொய்ங்" என்று பேசுமே பழவேற்காட்டு மீன்வலை நூல், அந்தச் சத்தம் எங்கே கேட்டாலும் என் தலை தானாகக் குனிந்துகொள்ளும். என் நைனா தன் கறுப்பு வாடகைக் காரின் சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க, அந்த நூலைத்தான் பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை இரண்டு பக்கமும் விறைப்பாக இழுத்துக் கட்டுவார். நான் போய்ச் சுண்டுவேன். காருக்கு அடியிலிருந்து ஒரு கிரீஸ் கை நீண்டு வந்து "நங்"கென்று குட்டும். என் தலைமுடி உதிர்ந்து கொண்டை சிறுத்ததற்கு அந்தக் குட்டுதான் காரணம் என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

புதுவாயல் கூட்டுரோட்டில் எங்கள் கார் நிற்கும். பிரசவத்துக்குப் போகிற பெண்கள் அதைத்தான் தேடி வருவார்கள், ஏனென்றால் நைனாவின் தங்கை கன்னிம்மா அத்தை முன்சீட்டில் துணைக்கு உட்கார்ந்து வருவாள். அத்தை நல்ல கனம். அவள் ஏறினால் கார் இடப்பக்கமாகத் தாழ்ந்து கும்பிடு போடும். பிள்ளைத்தாய்ச்சியோடு அவளுடைய அம்மா, மாமியார், நாத்தனார், சோற்றுத் தூக்கு என்று எல்லாம் ஏறி வண்டியின் வயிறு ரோட்டில் உரசவே, நைனா அடியில் கூடுதலாக ஸ்பிரிங் பட்டை போட்டார். வண்டி நிமிர்ந்தது, முன்சக்கரங்கள் மட்டும் சண்டை போட்ட ஓரகத்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்தன.

காலி வண்டிக்கு நூல் பிடித்தால் அத்தை ஏறியதும் எல்லாம் மாறிவிடுகிறது என்று கண்டுகொண்ட நைனா, அத்தையை உட்காரவைத்தே நூல் பிடித்தார். அவள் மடியில் வேர்க்கடலையோடு இருப்பாள்; அவர் அடியில் படுத்து, சக்கரங்களை நேராக்கும் ராடைத் திருகுவார்.

"கன்னிம்மா, மூச்ச இஸ்து வுடாத. சக்கரம் ஆடுது."

"அப்ப மூச்சு வுடாத செத்துப் போவட்டுமா, ண்ணா?"

"கொட்ட துன்றத மொதல்ல நிறுத்து. ஏற ஏற கனமாயினே கீற."

அதற்குப் பிறகு கார் ரயில் மாதிரி நேராக ஓடியது.

அத்தைக்குப் பள்ளிப்பட்டில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணம் முடிந்து அதே காரில்தான் அவளைக் கொண்டுபோய் விட்டோம். திரும்பி வரும்போது அவள் இடத்தில் நான் உட்கார்ந்தேன். என் கனத்தைக் கார் சட்டையே செய்யவில்லை. வலப்பக்கமாக, எதிரே வருகிற லாரிகளைத் தேடித் தேடிப் போயிற்று. நைனா ஸ்டீயரிங்கை இடப்பக்கமே இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். கண்ணைத் துடைத்தபோது தூசி என்றார். ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது.

அம்மா விடவில்லை. "அவதான் போய்ட்டாளே, காலி வண்டிக்கு நூலு புடியேன்யா. லாரில போயி முட்னா ஊட்ல யாரு சோறு போடுவா?"

"புடிக்கலாம், புடிக்கலாம்" என்பார் நைனா. நூல் ஆணியிலேயே தொங்கியது. பிள்ளைத்தாய்ச்சிகள் பயந்துகொண்டு வேறு வண்டி பார்த்தார்கள். ஒருநாள் அம்மா ஆட்டுக்கல் குழவியைத் தூக்கிவந்து முன்சீட்டில் வைத்து, "இந்தா, ஒன் தங்கச்சி. இத வெச்சினு ஓட்டு" என்றாள். நைனா சிரிக்கவில்லை. குழவியை இறக்கி, துடைத்து, உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவரப் போனோம். வரும் வழியில் நைனா ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் காட்டினார். "பாரு கன்னிம்மா, எப்டிப் போவுது பாரு." அத்தை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். "நா இல்லாதப்ப எப்டிப் போவும்?" என்று கேட்டாள். நைனா இரண்டு கையையும் மறுபடி ஸ்டீயரிங்கில் வைத்தார். பின்சீட்டிலிருந்து நான்தான் சொன்னேன்: "லாரிய முட்டப் போவும், அத்த."

ஆடி முடிந்து அவள் புறப்படுகிற காலையில் அத்தையே ஆணியிலிருந்து நூலை எடுத்தாள். "படு ண்ணா" என்றாள். முன்சீட்டு காலியாக இருக்க, நூலின் ஒரு முனையை அவளே பிடித்துக்கொண்டு நின்றாள். நைனா அடியில் நெடுநேரம் திருகினார். நான் நூலைச் சுண்டினேன். அன்றைக்குக் குட்டு விழவில்லை.

அந்தக் கார் இப்போது என் பேரன் கையில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வேலை பார்க்கிறவன், சம்பளத்தையெல்லாம் அதற்கே போட்டுப் புது ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர் மாட்டி, போன வாரம் அலைன்மெண்ட் பார்க்க என்னையும் கூட்டிப் போனான். நூல் இல்லை, ஆணி இல்லை; சக்கரத்தில் கண்ணாடித் தட்டு மாட்டினால் டி.வி.யில் நம்பர் வருகிறது. நான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "என்ன வெச்சே பாருப்பா" என்றேன்.

கடைக்காரப் பையன் சிரித்தான். "புது ஸ்பிரிங்கு ஆயா. நீ கீறதும் ஒண்ணுதான், எறங்குறதும் ஒண்ணுதான்."

வீட்டு வாசலில் நான் இறங்கிக்கொண்டேன். பேரன் தனியாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான். அத்தை கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன்.

"வலப்பக்கமா இஸ்குதாடா?" என்றேன்.

மூக்கைச் சொறிந்துகொண்டே, "ஆமா ஆயா, நீ எறங்குனதும் லைட்டா இஸ்குது" என்றான்.

பொய் சொல்லும்போதுதான் அவன் மூக்கைச் சொறிவான். கண்ணில் தூசி என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன்.