பாக்கலாமுங்க

எங்கள் ஊரில் யாரும் 'முடியாது' என்று சொல்ல மாட்டார்கள். வாடகைக்கு வீடு கேட்டாலும், விசேஷத்துக்கு அழைத்தாலும், சங்கத்தில் தலைவராக நிற்கச் சொன்னாலும் ஒரே பதில்தான்: "பாக்கலாமுங்க." அதற்குச் 'சரி' என்று அர்த்தமா, 'முடியாது' என்று அர்த்தமா என்பதைச் சொன்னவர் முகத்தைப் பார்த்து நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். முகமோ இரண்டுக்கும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டிருக்கும். கோயமுத்தூரிலேயே பிறந்து ஐம்பதைத் தாண்டியும் எனக்கு இந்தப் பாடம் ஏறவில்லை. எனக்குப் பொறுமை கிடையாது. ஒன்று ஆமாம் என்று சொல், இல்லையென்றால் ஆளை விடு என்கிற ரகம் நான்.

என் மகள் ஒரு பையனை விரும்பினாள். வார இறுதியில் சைக்கிள் ஓட்டும் கூட்டத்தில் ஏற்பட்ட பழக்கம். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அவர்கள் வீட்டுக்குள் தெலுங்கு பேசி, பெருமாளைக் கும்பிடுகிற குடும்பம். பெரியநாயக்கன்பாளையத்தில் இரும்பு வார்க்கும் பவுண்டரி வைத்திருக்கிறார்கள். பையனின் அப்பா, மனைவி சொன்னால் சரி என்று ஒதுங்கிக்கொண்டார். என் கணவரும் அதே கட்சி. ஆகக் கல்யாணம் மொத்தமும் பையனுடைய அம்மாவின் வாயில் இருந்தது. அந்த வாயிலிருந்து மாதக்கணக்காக 'பாக்கலாமுங்க' மட்டும்தான் வந்தது. என் மகள் போன் அடித்தால் பாய்ந்து எடுப்பதும், எடுத்துவிட்டுச் சோர்ந்துபோய் வைப்பதுமாக இருந்தாள்.

அவளே ஒரு வழி சொன்னாள்.

"அவங்களோட ஒரு ரைடு போயிட்டு வாங்கம்மா. மேட்டுல மிதிக்கறப்ப யாராலயும் மழுப்பிப் பேச முடியாது, மூச்சு வாங்கும்."

அந்த அம்மாவும் சைக்கிள் ஓட்டுபவர்தான். பிள்ளைகள் புது சைக்கிள் வாங்கினால் பழையது பெற்றவர்கள் தலையில் விழும். அப்படி அவர் மகனுடைய பழைய கிராவல் பைக் அவருக்கும், என் மகளுடையது எனக்கும் வந்து சேர்ந்திருந்தன. ரேஸ் சைக்கிள் போல வளைந்த ஹேண்டில்பாரும், முரட்டு டயரும் உள்ள வண்டி. தார் ரோடு முடிந்த இடத்தில் மற்ற சைக்கிள்கள் திரும்பும். இது அங்கேதான் உற்சாகமாகும். எனக்கும் அதற்கும் ஒத்துப்போனதில் ஆச்சரியமில்லை.

நாள் குறிப்பதே பெரும்பாடாகிவிட்டது. ஞாயிறு எனக்கு ஆராதனை. சனிக்கிழமை அவருக்குப் பெருமாள் விரதம். வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் விளக்குப் பூஜை. கடைசியில் இரண்டு மதமும் இடம் விட்ட ஒரு வியாழக்கிழமை அகப்பட்டது. நான் ஆபீசுக்கு லீவு சொன்னேன்.

கிளம்பும்போது மகள் வாசல் வரை வந்து எச்சரித்தாள். "அம்மா, சத்தமாச் சிரிக்காதீங்க. முக்கியமா, அவங்களை ஓவர்டேக் பண்ணாதீங்க. நாம பொண்ணு வீடு."

தொண்டாமுத்தூரிலிருந்து மலையடிவாரத்தைப் பார்த்து மிதித்தோம். பாக்குத் தோப்பும் தென்னையும் முடிந்து, கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த திராட்சைப் பந்தல்கள் தொடங்கின. பன்னீர் திராட்சை கொத்துக் கொத்தாகத் தொங்கியது. காற்றெல்லாம் அந்த வாசனை. அந்த அம்மா மட்டும் கோயில் பிரகாரம் சுற்றுவது போல நிதானமாகப் போனார். குழி வந்தால் நின்று, பார்த்து, ஒதுங்கி, அப்புறம் திரும்பி, "வாரீங்களா மேடம்?" என்பார்.

"வாரேனுங்க," என்பேன், பிரேக்கை அமுக்கியபடி.

இதில் எனக்குக் கடுப்பேற்றியது வேகம்கூட இல்லை. அந்த 'மேடம்'தான். சம்பந்தி என்று கூப்பிடாவிட்டால் போகிறது, 'அம்மணி' என்றாவது சொல்லலாமே. எங்கள் பக்கத்தில் மரியாதை என்பது கேட் மாதிரி. வெளியாளை எவ்வளவு மரியாதையாகவும் கேட்டிலேயே நிறுத்தி வைக்கலாம். ஒருவர் நம்மைத் திட்டினால்தான் உள்ளே வந்துவிட்டோம் என்று அர்த்தம். இங்கே திட்டு வாங்கச் சொந்தக்காரராக இருக்க வேண்டும்.

திராட்சைத் தோட்டங்களைத் தாண்டிக் காட்டை ஒட்டிய மண் தடத்தில் ஏறினோம். ஒரு பக்கம் யானை வராமலிருக்க வெட்டிய அகழி. தடத்தின் நடுவிலேயே யானைச் சாணம் கிடந்தது. அகழி எவ்வளவு உபயோகம் என்று தெரிந்தது. அந்த அம்மா இறங்கிக் குனிந்து பார்த்து, "நேத்துப் போட்டதுங்க மேடம், பயப்படாதீங்க," என்றார். பயந்தவர் யார் என்பது அவர் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த பிடியில் தெரிந்தது. நான் சத்தமாகச் சிரிக்கவில்லை. மகளே, பார்த்துக்கொள்.

தடம் இரண்டாகப் பிரிந்த இடத்தில், மொபெட்டில் பால் கேன் மாட்டிக்கொண்டு வந்தவரிடம் வழி கேட்டோம்.

"இக்கட்ட எறங்குனா மறுக்கா தார் ரோடு வந்துருமுங்க. இதா, பக்கந்தானுங்க," என்று கீழே இறங்கும் தடத்தைக் கைகாட்டிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "பக்கந்தானுங்கன்னா அஞ்சாறு கிலோமீட்டர் இருக்குமுங்க மேடம். தூரம்னு சொன்னா நம்ம மனசு நோகுமில்லீங்களா?"

விட்டுவிடுவேனா?

"அப்ப, பாக்கலாமுங்கன்னா என்னங்க அர்த்தம்?"

அவர் என்னைப் பார்த்தார். மேட்டில் ஏறிய மூச்சிரைப்பு இன்னும் அடங்கவில்லை. மகள் சொன்ன நேரம் இதுதான் என்று நினைத்தேன். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, நிதானமாகக் குடித்து, மூடி, அழகாகச் சிரித்தார்.

"அதையும் பாக்கலாமுங்க," என்றார்.

கோயமுத்தூர்க் குசும்பு என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அதை அன்றைக்குத்தான் நேருக்கு நேர் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்தில் மகளும் ஞாபகமில்லை, பெண் வீடும் ஞாபகமில்லை. கீழே சரளைக்கல் இறக்கம் நீளமாகக் கிடந்தது. "வாரேனுங்க!" என்று கத்திவிட்டு, அவரைத் தாண்டி வண்டியை விட்டேன்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த அரை நிமிஷம் சொர்க்கம். டயருக்கடியில் கல் பொரிந்தது. காது நிறையக் காற்று. எதிரே திராட்சைப் பந்தல் ஓடி வந்தது. பந்தல் ஓடி வரக்கூடாது என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. பிரேக் அடித்தேன். பின் சக்கரம் வாலை ஆட்டியது. அடுத்து நான் பார்த்தது வானத்தை. அதுவும் திராட்சைக் கொத்துகளின் இடுக்கு வழியாக. முதுகுக்குக் கீழே சொட்டுநீர்க் குழாய் உடைந்து சேறாகிக்கொண்டிருந்தது. முழங்கை எரிந்தது. கல்யாணம் போச்சு என்று தோன்றியதும் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மேலிருந்து ஒரு அலறல். நிதானமே உருவான அந்த அம்மா, என்னைவிட வேகமாக இறங்கி வந்து, சைக்கிளைக் கடாசிவிட்டு ஓடி வந்தார். தெலுங்கில் தொடங்கினார். எனக்குப் புரியாது என்பது பாதியில் நினைவுக்கு வந்து, தமிழுக்கு மாறித் திட்டினார்.

"அறிவிருக்குதா அம்மணி உனக்கு? பேரன் பேத்தி எடுக்கற வயசுல எறக்கத்துல இப்படியா பறப்பே? கை ஒடிஞ்சிருந்தா என்ன பண்றது? கையில மாவுக்கட்டோட சம்பந்தியம்மா மேடையில நின்னா ஒறம்பரை சனமெல்லாம் யாரைக் கேப்பாங்க? தள்ளி உட்டுப்போட்டியான்னு என்னையத்தான கேப்பாங்க! தை மாசத்துக்கு மண்டபம் கேட்டு வெச்சிருக்கறேன், நீ இங்க வந்து உழுந்து கெடக்கறே!"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு முழங்கை எரிச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷம். சேற்றில் படுத்தபடியே கேட்டேன்.

"மண்டபமுங்களா? கல்யாணம் முடிவாயிருச்சுங்களா?"

அவர் மலையைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார். துப்பட்டாவின் நுனியால் என் முழங்கையைத் துடைத்துக்கொண்டே, "பாக்கலாமுங்க," என்றார். ஆனால் இந்தத் தடவை அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கும்தான். சத்தமாகவே சிரித்தேன்.

திரும்பும்போது, "நீ முன்னால போ. பின்னால நீ வர்றேன்னு நெனச்சாலே எனக்குப் பயமா இருக்குது," என்றார். மாப்பிள்ளை வீடு பின்னால் வர, பெண் வீடு முன்னால் மிதித்தது.

வீட்டு வாசலிலேயே மகள் நின்றாள். என் சேற்றையும் முழங்கைக் காயத்தையும் பார்த்து வெளிறிப்போனாள்.

"ஓவர்டேக் பண்ணிட்டீங்களாம்மா? என்ன சொன்னாங்க?"

"பாக்கலாமுங்கன்னு சொன்னாங்க," என்றேன், முகத்தை ஒரே மாதிரி வைத்துக்கொண்டு.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கு மேல் ஒரு நொடிகூட என்னால் தாங்க முடியவில்லை. எனக்குத்தான் பொறுமை கிடையாதே.

"அதுக்கு முன்னாடி திட்டுனாங்க கண்ணு. நீ, வா, போன்னு திட்டுனாங்க."

என் மகள் இந்த ஊரில் வளர்ந்தவள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சேறு ஒட்டுமே என்று நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.