சூரன்போர் அன்று வந்த நோயாளி

தரவுத்தளம் பராமரிக்கிறவனை நல்ல செய்தி சொல்வதற்கென்று யாரும் தொலைபேசியில் அழைப்பதில்லை. இதே தொழிலில் இருப்பவர்கள் இப்போது தலையாட்டுவீர்கள். மற்றவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். தரவுத்தளம் என்பது பெரிய பெரிய அட்டவணைகளின் தொகுதி. ஓர் ஆளுக்கு ஒரு வரி. அந்த வரியில் பெயர், பிறந்த திகதி, முகவரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. நாங்கள் கேள்வி எழுதிக் கொடுத்தால் அது பதில் தரும். கேட்டதற்கு மட்டும்தான் தரும். கேட்க மறந்ததைத் தானாகச் சொல்லாது.

சுவிசில், கூர் நகரிலிருந்து ரயிலில் போய்வரும் தூரத்தில் ஒரு சிறிய வைத்தியசாலை. அதன் நிலக்கீழ் அறையில் எனக்கு இந்த வேலை. பக்கத்து மேசையில் ஃபிராவ் கடூஃப், அதாவது திருமதி கடூஃப், நோயாளர் பதிவேட்டுக்குப் பொறுப்பானவர். இனிச் சொல்லப்போகும் கதையில் பெரும்பகுதி அவருடைய கெட்டித்தனம்.

ஜனவரி முதலாம் திகதி

ஒரே ஆள் இரண்டு வரிகளில் பதிவாகியிருந்தால் கண்டுபிடிக்க ஒருமுறை ஒரு கேள்வி எழுதினேன். ஒரே நாளில் பிறந்தவர்களை அது அருகருகே நிறுத்தும். விடையைப் பார்த்தால் ஜனவரி முதலாம் திகதியில் ஒரு பெருங்கூட்டம் நின்றது. அதில் எங்கள் ஆட்கள், இலங்கைத் தமிழர், நிறையப் பேர். அகதியாக வந்தபோது பத்திரம் கையில் இல்லாதவர்களுக்கு அந்த நாளை எழுதிவிடுவது உண்டு என்று ஃபிராவ் கடூஃபுக்கு விளக்கினேன்.

இதைக் கேட்டால் வேறொருவர் தலையை ஆட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருப்பார். அவரோ பட்டியலை அச்சிட்டு, ஒவ்வொருவரும் அடுத்த முறை வரும்போது பிறந்த நாளை மறுபடி கேட்கும்படி வரவேற்பு மேசைக்கு ஒழுங்கு செய்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “இத்தனை பேரும் புத்தாண்டன்றுதான் பிறந்தார்கள் என்றால், அன்றைக்கு மருத்துவிச்சிகள் பாவம்.”

வியாழனுக்கு முன்

யோகேஸ்வரி அக்காவுக்குப் பித்தப்பையில் கல். ஹோட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறவர். வியாழக்கிழமை சத்திரசிகிச்சை. திங்கட்கிழமை மயக்க மருந்து வைத்தியர், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டிருக்கிறார். பதினெட்டு வருடங்களுக்கு முன் இதே வைத்தியசாலையில் ஊசி போட்டு, முகம் வீங்கி, மூச்சு முட்டியது என்று அக்கா சொல்லியிருக்கிறார். அன்று போட்டது மூன்று ஊசி. எந்த ஊசியால் வந்தது என்று அவருக்குத் தெரியாது. அவருடைய வரியிலும் ஒன்றும் இல்லை.

புதன்கிழமை மத்தியானத்துக்குள் பழைய பதிவு கிடைக்காவிட்டால் சத்திரசிகிச்சை தள்ளிப்போகும் என்றார் வைத்தியர். அடுத்த இடம் குளிர்காலம் முடிந்துதான். அந்த மாதத்தில் மட்டும் மூன்று தடவை வலியில் சுருண்டவர் அக்கா. தேடச் சொல்லி எழுத்தில் எங்களுக்கு உத்தரவு வந்தது. நான் அவரை அழைத்து, முடிந்ததைச் செய்கிறேன் என்றேன். அவர் சொன்னது: “கல்லு எனக்குள்ளை கிடக்கு. அந்த ஊசியின்ரை பேர் உங்கடை கொம்பியூட்டருக்குள்ளை கிடக்கு. ரெண்டையும் இந்தக் கிழமைக்குள்ளை வெளியிலை எடுத்து விடுங்கோ தம்பி.”

பெயரால் தேடியது

தமிழன் ஆனபடியால் பத்து நிமிட வேலை என்று நினைத்தேன். இப்போது அக்காவின் குடும்பப்பெயர் கணவருடைய பெயர். அந்த நாளில் கல்யாணம் ஆகவில்லை. ஆகவே தகப்பன் பெயரைக் குடும்பப்பெயராக வைத்துத் தேடினேன். முன்னுக்குப் பின்னாக மாற்றித் தேடினேன். ஏறக்குறைய அதே மாதிரி ஒலிக்கும் பெயர்களையெல்லாம் தேடினேன். ஜனவரி முதலாம் திகதியையும் விட்டுவைக்கவில்லை. செவ்வாய் மத்தியானம் வரை விடை பூச்சியம்.

பழைய தரவுத்தளத்திலிருந்து புதியதற்கு மாற்றியபோது அந்த வரி தவறியிருக்கலாம் என்று ஃபிராவ் கடூஃபிடம் சொன்னேன். தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும், தேடத் தெரியாதபோது நாங்கள் சொல்லும் சாட்டு இது. மாற்றிய அந்த வாரம் முழுவதும் பழைய வரிகளையும் புதிய வரிகளையும் ஆண்டு ஆண்டாக எண்ணி ஒப்பிட்டவர் அவர். எண்ணிய தாள்கள் இன்னும் அவருடைய அலுமாரியில் இருக்கின்றன. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “வரி உள்ளேதான் இருக்கிறது. உங்கள் கேள்வியை மாற்றுங்கள்.”

விரத நாள்

“யார் என்று கேட்டது போதும், எப்போது என்று கேளுங்கள்” என்பது அவருடைய யோசனை. அக்காவை மறுபடி அழைத்தேன். வருடம் அவருக்குத் திடமாகத் தெரிந்தது, ஹோட்டலில் வேலை தொடங்கிய வருடம். திகதியைக் கேட்டேன். “திகதி ஆருக்குத் தெரியும்? அண்டைக்குச் சூரன்போர்” என்றார். கந்தசட்டி ஆறு நாளும் விரதம் பிடித்தாராம். அடுத்த நாள் காலை பாறணைச் சோறு சாப்பிட்டு விரதத்தை முடிக்க வேண்டியவர், வைத்தியசாலைக் கட்டிலில் இருந்து தயிரும் பாணும் சாப்பிட்டு முடித்தாராம். அந்தக் குறை இன்றைக்கும் அவருக்கு ஆறவில்லை.

அந்த வருடத்துப் பஞ்சாங்கம் இணையத்தில் கிடைத்தது. ஃபிராவ் கடூஃபுக்கு விரதத்தை விளக்கினேன். நிலவைப் பார்த்து நாள் குறிப்பதால் யாழ்ப்பாணத்துக்கும் சுவிசுக்கும் ஒரு நாள் முன்பின் ஆகலாம் என்றும் சொன்னேன். கேலி செய்வாரோ என்று கொஞ்சம் பயம் இருந்தது. அவர் யோசித்துவிட்டு, முதல் நாளையும் அடுத்த நாளையும் சேர்க்கச் சொன்னார். “எங்கள் ஈஸ்டரும் நிலவைப் பார்த்துத்தான் வருகிறது. எழுதுங்கள்.”

பதினொரு பெண்கள்

அந்த மூன்று நாட்களில் அவசரப் பிரிவுக்கு வந்த பெண்கள் பதினொரு பேர். விடையை இன்னும் சுருக்க வேண்டாம், ஒவ்வொன்றாக வாசிப்போம் என்று ஃபிராவ் கடூஃப் சொன்னார். எட்டாவது வரி இப்படி இருந்தது. குடும்பப்பெயர்: ராணி. முதற்பெயர்: கேள்விக்குறி. பிறந்தது: ஜனவரி முதலாம் திகதி. முகவரி: ஒரு ஹோட்டல். விரலில் வெட்டுக்காயம், சீழ். அதன் கீழே, குறிப்பு எழுதும் பெட்டியில், வலி குறைக்கப் போட்ட ஊசியால் முகம் வீங்கி மூச்சுத் திணறியது என்று இருந்தது. மருந்தின் பெயரும் இருந்தது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு இங்கே வழமையாகக் கொடுப்பது அதே மருந்துதான். வியாழக்கிழமை அக்காவுக்கான திட்டத்திலும் அதையே எழுதியிருந்தார்கள்.

உடனே அக்காவை அழைத்து, ராணி என்று யாரையாவது தெரியுமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். அது அவர்தான். இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் இப்படி வீட்டுப் பெயர் ஒன்று இருப்பது எனக்குத் தெரியாதா என்ன? என்னையே வீட்டில் கண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். “நீங்கள் பேரைத்தானே கேட்டனீங்கள் தம்பி? அது பேரில்லை. கூப்பிடுறது.”

இடது கை நடுவிரல்

அது அக்காதான் என்று துள்ளிக்கொண்டு சொன்னேன். ஃபிராவ் கடூஃபின் முகம் மாறவில்லை. நான் கேள்வியிலேயே விடையைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். பயந்திருக்கும் எந்த நோயாளியும் அதற்கு ஆம் என்று சொல்லக்கூடும். தவறான இரண்டு வரிகளைச் சேர்த்துவிட்டால் ஒருவருடைய நோய் இன்னொருவருக்குப் போய்விடும்.

புதன்கிழமை காலை அக்கா இரத்தப் பரிசோதனைக்கு வந்தார். ஃபிராவ் கடூஃப் மேலே போய், ஒரு துப்பும் கொடுக்காமல் விசாரித்தார். எந்த விரல், எதனால் வெட்டியது, யார் கூட்டிவந்தது? இடது கை நடுவிரல், அப்போது வேலை பார்த்த ஹோட்டல் சமையலறையில் வெங்காயம் வெட்டும்போது, கூட்டிவந்தது போர்த்துக்கல் சமையற்காரர். யோகேஸ்வரி என்ற பெயர் வாயில் நுழையாததால், வீட்டுப் பெயரைக் கேட்டறிந்து ராணி என்று கூப்பிட்டுப் பழகியவர் அவர்; அன்று வரவேற்பு மேசையிலும் அதையே சொல்லியிருக்கிறார். வரியில் இருந்ததும் இதுவே. தழும்பையும் கண்ணால் பார்த்த பிறகுதான் ஃபிராவ் கடூஃப் ஒப்பமிட்டார். பதினொன்றரைக்கு இரண்டு வரிகளும் ஒன்றாயின. வைத்தியர் மருந்தை மாற்றினார். வீட்டுக்குப் புறப்படும்போது அக்கா என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “அந்த மனிசி முந்திப் பொலிசிலை இருந்தவவோ?”

புதிய பெட்டி

வியாழன் நல்லபடியாக முடிந்தது. வெள்ளிக்கிழமை காலை என் மேசையில் ஒரு விண்ணப்பம் கிடந்தது. நோயாளர் அட்டவணையில் “கூப்பிடும் பெயர்” என்று ஒரு புதிய பெட்டி வேண்டுமாம், எல்லாருக்கும். தமிழருக்கு மட்டும் போதாதா என்றேன். தன்னுடைய மலைக்கிராமத்தில் பாதிப் பேரை வீட்டின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், தபாற்காரருக்கே மற்றப் பெயர் தெரியாது என்றார் ஃபிராவ் கடூஃப். பத்து மணிக்குப் பெட்டி தயார். முதலில் நிரப்பியது அக்காவின் வரியை.

பின்னேரம் அக்காவைப் பார்க்கப் போனேன். தலையணையில் சாய்ந்திருந்தார். பெட்டி வேலை செய்கிறதா என்று கேட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “தாதிப்பிள்ளை வந்து ராணி எண்டு கூப்பிட, வேலைக்குப் பிந்திப்போச்சாக்கும் எண்டு துள்ளி எழும்பினன் தம்பி. தையல் இழுத்துப்போட்டுது.”

இருபது வருடமாக அட்டவணைகளுக்குப் பெட்டி கட்டி வருகிறேன். என் கேள்வியை நம்பாத ஒரு பக்கத்து மேசைக்காரரைவிட நல்ல பாதுகாப்பு மென்பொருள் இதுவரை விற்பனைக்கு வந்ததாகத் தெரியவில்லை.