இருபதாம் தடத்து ஒன்பது விநாடிகள்

காலை பத்து நாற்பதுக்குச் செய்தி வந்தபோது, போர்கில் தன் வரைபடத்தின் மேல் பூதக்கண்ணாடியை வைத்து ஒரு சிவப்புப் புள்ளியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். போனை நான்தான் எடுத்தேன். எங்கள் கிளப்புப் பெண் எய்ராவை மாவட்ட அணியில் சேர்த்துவிட்டார்கள். சொன்னேன். போர்கில் நிமிரவில்லை. "சேக்காம எங்க போவாங்க? இது புள்ளி இல்லடி, காப்பிக் கறை. நேத்துலேருந்து என்னை ஏமாத்துது."

என் தோழி போர்கில்லுக்கு அறுபத்தொரு வயது. பால் பண்ணைச் சோதனைக்கூடத்தில் வேலை. பனிச்சறுக்குப் பலகையில் நின்றதே கிடையாது, துப்பாக்கிச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வாள். ஆனால் பனியில் சறுக்கி ஓடி இடையிடையே குறிசுடும் பயத்லான் போட்டியில் எங்கள் பள்ளத்தாக்குப் பிள்ளைகள் சறுக்கி ஓடிய நேரம், சுட்ட நேரம், தவறவிட்ட குண்டு எல்லாம் அவளிடம் புள்ளிகளாக இருக்கின்றன. படுத்துச் சுட்டால் நீலம், நின்று சுட்டால் சிவப்பு. முதலில் கட்டம்போட்ட தாளில் கையால் போடுவாள். பிறகுதான் கணினி. "கையால போட்டாத்தான் புள்ளி பேசும்" என்பாள். வாஃபிளைத் தின்னும்போதும் அதன் இதய வடிவத் துண்டுகள் ஐந்தையும் பிய்த்து வரிசையாக வைத்துக்கொண்டுதான் தொடங்குவாள்.

அவளுக்குப் பிடிக்காத ஒரே சொல் சராசரி. "எல்லாப் பாலையும் ஒரே தொட்டியில ஊத்திட்டா எந்த மாட்டுக்கு மடிநோவுன்னு எப்படித் தெரியும்?"

எய்ராவை மாவட்ட அணிப் பட்டியலிலிருந்து விலக்கியது ஒரு சராசரிதான். அது என் கணவர் ஹல்வார் எழுதி வைத்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் கிளப்பின் பயிற்சியாளராக இருந்தவர், நவம்பரில் இறந்துபோனார். அவர் நோட்டுகளில் 'தயக்கம்' என்று ஒரு பத்தி உண்டு: சுடுமிடத்துக்குள் நுழைவதற்கும் முதல் குண்டுக்கும் இடையே ஆகும் நேரம். அதில் எய்ரா மற்றவர்களைவிடச் சராசரியாக ஒன்பது விநாடிகள் பின்தங்கியிருந்தாள். "கை நல்லாருக்கு, நெஞ்சுறுதி பத்தாது" என்று அவளிடமே சொல்லியிருக்கிறார். அவருக்குப் பின் வந்த பயிற்சியாளர் நோட்டைப் புரட்டினார், அவள் பெயரை அடித்தார். பதினேழு வயதில் அணியை விட்டால் திரும்ப நுழைவது கடினம்.

பிப்ரவரியில் நோட்டுகளைப் போர்கில்லிடம் கொடுத்தேன். மூன்றாம் நாள் வாசலில் வந்து நின்றாள், தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"உன் புருஷன் கடிகாரத்த எங்க அமுக்குவாரு?"

"நுழைவுக் கம்பத்தத் தாண்டினதும்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான். ஏன்?"

"அட மனுஷா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எய்ரா இடதுகைக்காரி. இடதுகைக்காரர் நின்று சுட்டால் பக்கத்துச் சுடும் தடத்தில் நிற்பவரின் முகத்துக்கு நேரே திரும்பி நிற்பார். அது இடைஞ்சல் என்று எங்கள் கிளப்பில் அவர்களை எப்போதும் கடைசித் தடத்துக்கு அனுப்பிவிடுவோம். கம்பத்திலிருந்து இருபதாம் தடம் ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கிறது. மற்ற பிள்ளைகள் முதல் நாலைந்து தடங்களிலேயே சுட்டார்கள். கம்பத்தருகிலேயே நின்று பழகிய எங்கள் யாருக்கும் அந்தத் தூரத்தைக் கடக்க ஆகும் ஒன்பது விநாடிகள் கண்ணில் பட்டதில்லை. போர்கில் புள்ளிகளைத் தடம் வாரியாகப் பிரித்தாள். ஒரு சனிக்கிழமை பாதிப் பேர் காய்ச்சலில் கிடக்க, எய்ரா இரண்டாம் தடத்தில் சுட்டிருந்தாள். அன்றைய நான்கு புள்ளிகளும் எல்லோருடைய புள்ளிகளுக்கும் கீழே, அதாவது குறைந்த நேரத்தில், இருந்தன.

படத்தைப் பார்த்த எய்ரா இரண்டாம் தடத்துப் புள்ளிகளை விரலால் தொட்டாள். பிறகு, "அப்ப நான் மந்தம் இல்லையா?" என்றாள்.

"மந்தந்தான். குளிக்கறதுல. உங்கம்மா சொன்னா."

அந்தப் பெண் சிரித்தாள், அப்படியே அழுதாள். போர்கில் அவளுக்கு ஒரு வாஃபிள் இதயத்தைத் தள்ளிவிட்டாள். அவள் தன் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்து நான் பார்த்தது அன்றுதான். மறுநாள் அந்தப் படத்தைப் புதிய பயிற்சியாளரிடம் கொடுத்தோம்.

இன்று செய்தி வந்தபின் எனக்கு உடம்பே லேசானது. ஹல்வாரின் கையெழுத்து இனி ஒரு பெண்ணின் வழியை மறித்துக்கொண்டு கிடக்காது. "அவரு ஒண்ணும் பொய் எழுதல. கடிகாரம் சரியாத்தான் ஓடியிருக்கு" என்றாள் போர்கில். அவளுக்குத் தெரிந்த ஆறுதல் அது. நாலு மாதத்தில் எனக்குக் கிடைத்ததில் அதுவே நல்லது.

காப்பி ஊற்றினேன். அவள் பழைய நோட்டுகளை அடியிலிருந்து உருவினாள்.

"வேற இடதுகை யாராச்சும் உண்டா?"

ஒருவன் இருந்தான். ஷூர். ஆறு வருடத்துக்கு முன் பதினெட்டு வயதில் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனவன். இப்போது ட்ரோன்ஹெய்ம் நகரத்தில் மின்வேலை செய்கிறான். நோட்டில் அவன் பெயருள்ள பக்கத்திலும் அதே பத்தி, ஏறக்குறைய அதே எண்.

போர்கில் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை. கிளப் பதிவேட்டில் அவன் போன் எண்ணைத் தேடினாள். எட்டு இலக்கங்களில் முதல் ஏழு இலக்கங்களை என் போனில் தானே அழுத்தி, அதை மேசைமேல் என் பக்கமாக நகர்த்தி வைத்தாள். எட்டாவது இலக்கத்தை நான் அழுத்துவதற்காக விட்டுவைத்திருந்தாள்.