அந்த அம்மாவைத்தான் கேட்டேன்

அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

சின்ன காஞ்சிபுரத்துக்காரர். மனைவிக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். ஏகாதசியன்றுதான் நடக்கவேண்டும் என்று நாளைக்கூட அவரேதான் குறித்தார். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் நான். காலையில் அந்த அம்மாவிடம் நாலு கேள்வி கேட்கப் போனேன். ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா? "அதெல்லாம் ஒண்ணும் கிடையாது" என்றார் பக்கத்தில் நின்ற கணவர். பல் ஆடுகிறதா? "கெட்டியா இருக்கு." இவர் பல்லையா கேட்டேன்? பிரஷர் மாத்திரையை மட்டும் ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கச் சொல்லியிருந்தேனே, போட்டீர்களா? அந்த அம்மா பேச வாயெடுத்தார். "காலம்பறயே போட்டுண்டாச்சு" என்று இவர் முந்திக்கொண்டார். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

மயக்கம் கொடுத்துத் தொண்டைக்குள் டியூபை இறக்கியதும் மானிட்டர் அலறியது. பிரஷர் இருநூற்று இருபது. "ஏறிக்கினே போகுது மேடம்" என்றாள் நர்ஸ். மயக்கத்தை ஆழமாக்கிப் பார்த்தேன், மசியவில்லை. நைட்ரோகிளிசரின் ட்ரிப்பை மாட்டினேன். இறுகிக் கிடக்கும் ரத்தக்குழாய்களைத் தளர்த்திவிடும் மருந்து அது.

"சட்டுனு இறக்குங்க மேடம், அடுத்த கேஸ் காத்துக்கினு இருக்குது" என்றார் சர்ஜன். அவர்மேலும் எரிச்சல் வந்தது. பல வருஷமாக அதிக அழுத்தத்துக்குப் பழகிய மூளை. ஏறினால் குழாய் வெடிக்கலாம். தடாலென்று இறங்கினால் ரத்தம் போகாமல் பக்கவாதம் வரலாம். அவருக்கென்ன, அடுத்த கேஸ்! மருந்தைச் சிறுகச் சிறுகக் கூட்டினேன். நூற்றைம்பதுக்கு வந்த பிறகுதான் அவரைக் கத்தியைத் தொடவிட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் மூளை தப்பித்ததா என்பது கண் விழித்துப் பேசினால்தான் தெரியும்.

டியூபை எடுத்து வெளியே கட்டிலுக்கு மாற்றியதும் குனிந்து, "அம்மா, உங்க பேர் என்ன?" என்று கேட்டேன். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. காதை இன்னும் கிட்டே கொண்டுபோனேன்.

கதவோரத்திலிருந்து கணீரென்று பதில் வந்தது. கணவர்தான்.

"வாயை மூடுங்க சார்! அவங்க வாயால வரணும்!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

அந்த அம்மா எச்சிலை விழுங்கினார். குரல் கரகரத்தது. ஆனால் ஒரு சொல்கூடக் குழறவில்லை.

"மாத்திரை போட்டுக்கலைம்மா. ஏகாதசி, பச்சைத் தண்ணிகூடக் கூடாதுன்னுட்டார். உங்ககிட்ட சொன்னா நாள் தள்ளிப் போயிடுமாம்."

திரும்பி அவரைப் பார்த்தேன். "இப்ப நீங்க பதில் சொல்லுங்க சார்" என்றேன்.